ஏணியின் அடியில்

(மூன்றாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஏணியைப் பற்றி நம் கல்லூரி மேடையில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆசிரியர் தின விழாவாகட்டும், மூன்றாமாண்டு மாணவர்களின் பிரிவு உபசார விழாவாகட்டும், பேச எழுந்த மாணவர் ஆசிரியரை ஏணிக்கு ஒப்பிடாமல் அமர்வதில்லை. ஏறியவன் மேலே போய்விடுகிறான். ஏணியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பார். கைதட்டல் எழும். நானும் கை தட்டியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும், "ஏணி இருந்த இடத்திலேயே இருக்குமா?" என்று என் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி எழும்.

இருக்காது. யாராவது பிடித்துக்கொண்டாலோ, எதிலாவது கட்டி வைத்தாலோ ஒழிய ஏணி இருந்த இடத்தில் இருக்காது. இதை நான் என் பதினாறாம் வயதில் நேரில் கண்டேன். அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

என் தந்தையார் வெள்ளையடிக்கும் தொழிலாளி. பொங்கலுக்கு முந்தைய மார்கழி மாதமும் கல்யாண மாதங்களும்தான் எங்கள் வீட்டு அறுவடைக் காலம். சுண்ணாம்பு நீற்றுவது, நீலம் கலப்பது, மட்டையை நனைத்துப் பிழிவது எல்லாம் நான் பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்பே கற்றவை. அப்பாவிடம் பதினாறு அடி மூங்கில் ஏணி ஒன்று இருந்தது. ஊரில் உள்ள கதவு, சன்னல், கிராதி எல்லாவற்றுக்கும் வர்ணம் அடித்தவர், தம் ஏணிக்கு மட்டும் ஒருநாளும் வர்ணம் அடித்ததில்லை. ஒருமுறை காரணம் கேட்டேன். "வர்ணம் அடிச்சா விரிசல் மறைஞ்சு போயிடும் தம்பி. ஏணியோட ஒடம்பு நம்ம கண்ணுக்குத் தெரியணும்" என்றார். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் ஏணியைத் தரையில் கிடத்தி, படிகளைக் கட்டியிருக்கும் கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். செங்கல் அடுக்கி அதன்மேல் ஏணியை நிறுத்த ஒப்பமாட்டார். அவ்வளவு கவனமானவர்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் அப்பாவோடு நானும் வேலைக்குப் போனேன். ஒரு அரிசி ஆலையின் கிடங்குக்கு வெள்ளையடிக்கும் வேலை. எனக்கு இட்ட வேலை இரண்டு: சுண்ணாம்பு வாளியை எடுத்துக் கொடுப்பது, ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்வது.

மூன்று சுவர்கள் முடிந்தன. நான்காவது சுவரின் அருகே நெல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றைக் கொஞ்சம் நகர்த்தித் தரும்படி அப்பா கேட்டார். இன்று ஆள் இல்லை, இருக்கிறபடியே அடித்துவிட்டுப் போங்கள் என்று ஆலை முதலாளி சொல்லிவிட்டார். மூட்டைகளுக்கு இப்பால் ஏணியை ஊன்ற வேண்டியதாயிற்று. சுவருக்கும் ஏணியின் காலுக்கும் ஏழு அடி தூரம். வழக்கத்தைவிட ஏணி மிகவும் படுத்துக் கிடந்தது. தரையோ சிமெண்டுத் தரை. அதில் காலையிலிருந்து சிந்திய சுண்ணாம்பு நீர் வேறு. கூரையை ஒட்டி இரண்டு முழ அகலம்தான் பாக்கி. "நல்லா புடிச்சுக்க தம்பி, இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அப்பா ஏறினார்.

வழக்கமாக வாளியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார். அன்று கடைசி இடம் என்பதால் ஐந்தாம் படியில் நின்று, நான் நீட்டிய வாளியைக் கையிலேயே வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. அம்மன் கோயில் பூச்சொரிதல் ஊர்வலம். என் பள்ளித் தோழர்கள் சிலர் அதில் ஆடிக்கொண்டு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏணியைப் பார்த்தேன். அசையாமல் நின்றது. ஐந்து படி ஏறியும் அசையவில்லையே, இனி என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணினேன். கிடங்கின் வாசலுக்கு நாலு எட்டுத்தான். போய் நின்றேன்.

மேலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "தம்பி, புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்பா" என்றேன், வாசலில் நின்றபடியே.

அதற்குப் பிறகு நான் கேட்டது மூங்கில் தரையில் உரசிய சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏணியின் கால் பின்னோக்கி வழுக்கி ஓட, அப்பா ஏணியோடு வந்து மூட்டையின் விளிம்பில் மோதித் தரையில் விழுந்தார். சுண்ணாம்பு அவர்மேல் கவிழ்ந்திருந்தது. வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது.

அறுவைச் சிகிச்சை, பிறகு மூன்று மாதப் படுக்கை. அம்மா பூக்கட்டி விற்றுக் குடும்பம் நடத்தினார். நான் பதினோராம் வகுப்பில் ஒரு மாதம் தாமதமாகச் சேர்ந்தேன். பார்க்க வந்த உறவினரும் அக்கம்பக்கத்தாரும், "ஆனைக்கும் அடி சறுக்கும், என்ன செய்ய!" என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சறுக்கியது அப்பாவின் அடி அன்று, ஏணியின் அடி. அந்த அடியைப் பிடித்திருக்க வேண்டியவன் நான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

இனிக் கதை நம் கல்லூரி வகுப்பறைக்கு வருகிறது. இரண்டாமாண்டில் நிலையியல் பாடம். உராய்வு என்ற அதிகாரத்தில் பேராசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். வழவழப்பான சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருக்கிறது, தரை சொரசொரப்பானது, ஒரு மனிதன் ஏறுகிறான், ஏணி வழுக்காமல் அவன் எவ்வளவு தூரம் ஏறலாம்? இதுதான் கணக்கு. கணிதம் படித்தவர் எவரும் இந்தக் கணக்கைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. நண்பர்கள் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கை நடுங்கியது. அந்தக் கணக்கில் ஏறுகிற மனிதனுக்குப் பெயர் இல்லை. எனக்கு மட்டும் அவர் யாரென்று தெரிந்தது.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து என் சொந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் எடை 60 கிலோ, ஏணியின் எடை 20 கிலோ. நனைந்த தரையின் உராய்வுக் கெழுவைக் கால் பங்கு என்று ஊகித்துக்கொண்டேன். அப்படியானால் தரை தாங்கும் எடை 80 கிலோ. அதில் கால் பங்கான 20 கிலோ அளவுக்குத்தான் தரையால் ஏணியின் காலைப் பிடித்துவைக்க முடியும். அதற்குமேல் ஏணி தள்ளினால் வழுக்கும். ஏணியின் கால் சுவரிலிருந்து, அது சாய்ந்திருக்கும் உயரத்தில் பாதி தூரம் விலகியிருந்தது. எங்கள் கிடங்கில் நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான்.

விடை இப்படி வந்தது. அப்பா அடியில் கால் வைக்கும்போது ஏணியின் கால் வெளியே தள்ளும் விசை 5 கிலோ. பாதி ஏணி ஏறும்போது 20 கிலோ. உச்சியில் 35 கிலோ. அதாவது பாதி ஏணியிலேயே தரையின் சக்தி தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு படி வைத்தாலும் ஏணி ஓடும்.

இதே ஏணியைக் கொஞ்சம் நிமிர்த்தி, சாயும் உயரத்தில் கால் பங்கு தூரத்தில் ஊன்றியிருந்தால் என்னவாகும் என்றும் போட்டேன். அடியில் 2.5 கிலோ, நடுவில் 10 கிலோ, உச்சியில் 17.5 கிலோ. கடைசிப் படி வரை போனாலும் 20ஐத் தாண்டவில்லை. அதே மனிதர், அதே தரை, அதே ஏணி. பதினாறு அடி ஏணிக்கு அந்தக் கால் பங்கு என்பது சுமார் நான்கு அடி. எங்களுக்கு வேண்டியிருந்தது மூன்று அடி இடம். அந்த இடத்தில் இருந்தவை நெல் மூட்டைகள்.

இன்னொன்றையும் கணக்கிட்டேன். அன்று நான் 40 கிலோ இருப்பேன். நான் வாசலுக்குப் போகாமல் அடிப்படியில் ஏறி நின்றிருந்தால்? தரைமேல் எடை கூடுவதால் தரையின் பிடி 30 கிலோவாக உயர்கிறது. அப்பா ஏணியில் ஆறில் ஐந்து பங்கு வரை போயிருக்கலாம். மெத்தப் படுத்திருந்த அந்த ஏணியில் உச்சிவரை என்னாலும் காத்திருக்க முடியாதுதான். ஆனால் அவர் விழுந்த ஒன்பதாம் பத்தாம் படியில் காத்திருக்க முடியும்.

அன்று எனக்குப் புரிந்த உண்மை ஒன்று உண்டு. பாதி ஏறியும் ஏணி அசையவில்லையே என்று நான் எண்ணினேன் அல்லவா? அங்கேதான் தவறினேன். ஏணி கீழே உறுதியாக நிற்பது மேலேயும் நிற்கும் என்பதற்குச் சான்று ஆகாது. ஒவ்வொரு படி ஏறும்போதும் அடி வழுக்கும் வாய்ப்பு வளர்கிறது. ஆதலால் ஏறுபவர் எவ்வளவு உயரம் போகிறாரோ அவ்வளவுக்கு அடியில் நிற்பவன் விழிப்பாக இருக்க வேண்டும். நாமோ நேர்மாறாக நடக்கிறோம். ஏறத் தொடங்கும்போது இரு கையாலும் பிடிக்கிறோம். பாதி ஏறியதும் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது.

இதைப் படிக்கும் நண்பர்கள், நமக்கும் ஏணிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கல்லூரி விழாவுக்கு மேடையில் தோரணம் கட்டுவது யார்? நாம்தான். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது யார்? நாம்தான். நூலகத்தின் மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க நாற்காலிமேல் நாற்காலி போட்டு ஏறுபவரும் நம்மவரே. ஆகையால், அப்பாவிடம் கற்றதையும் அந்தக் கணக்குக்குப் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது சாய்வு. நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு விலக்கம் என்பதே விதி. அளக்க நாடா தேவையில்லை. ஏணியின் காலில் உங்கள் கால் விரல்கள் தொடும்படி நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் தோள் மட்டத்தில் நேரே நீட்டுங்கள். உள்ளங்கை ஏணியைத் தொட்டால் சாய்வு சரி. எட்டவில்லை என்றால் ஏணி படுத்திருக்கிறது. அதற்காக மிகவும் நிமிர்த்திவிட்டால் ஏறுபவரோடு பின்பக்கம் சாயும்.

இரண்டாவது கட்டு. ஆள் பிடிப்பதைவிட ஏணியின் தலையைக் கட்டுவது மேல். கயிறு ஊர்வலம் பார்க்கப் போகாது. மேலே கட்ட இடம் இல்லையென்றால்தான் ஆளை நம்ப வேண்டும். மாடிக்கோ கூரைக்கோ ஏறி இறங்குவதற்கு ஏணி வைத்தால், அதன் தலை அந்த விளிம்புக்கு மேல் மூன்று அடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கும்போது பிடிக்க ஏதாவது வேண்டும் அல்லவா?

மூன்றாவது ஏறும் முறை. ஏணியைப் பார்த்தபடி ஏறி, ஏணியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். இரு காலும் ஒரு கையுமோ, இரு கையும் ஒரு காலுமோ எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். வாளியைக் கையில் பிடித்தால் இது நடக்காது. கயிற்றில் இழுத்துக் கொக்கியில் மாட்டுவதே முறை. எட்டாத இடத்தை எட்டிப்பிடிக்கச் சாயக்கூடாது. வயிறு இரு பக்க மூங்கிலுக்கும் நடுவே இருக்கும்வரை நல்லது. அதைத் தாண்டினால் இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். உச்சியில் உள்ள மூன்று படிகள் பிடித்துக்கொள்வதற்கே, நிற்பதற்கு அல்ல.

நான்காவது மின்சாரம். அலுமினிய ஏணியை மின்கம்பி அருகே கொண்டுபோவது உயிரோடு விளையாடுவதாகும். மூங்கிலுக்குப் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். விழா நாட்களில் சீரியல் விளக்குக் கட்டும் நண்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கதவுக்கு முன்னால் ஏணி வைத்தால் அந்தக் கதவைப் பூட்டிவிடவோ ஒருவரைக் காவல் நிறுத்தவோ வேண்டும்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, உயரத்தில் வேலை செய்பவர் விழக்கூடிய நிலை இருந்தால், இயன்றவரை தடுப்பு அமைத்தோ வேறு வகையிலோ அவருக்குப் பாதுகாப்புச் செய்ய வேண்டும் என்றது. வேலையில் காயம்பட்டவருக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்று 1923இலேயே ஒரு சட்டம் வந்தது. இவ்விரண்டும் 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் சேர்க்கப்பட்டன. நம் மாநிலத்தில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1972 முதல் மார்ச் 4ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவற்றில் ஒன்றுகூட அன்று எங்களுக்குத் தெரியாது. ஆலை முதலாளி கொடுத்தனுப்பிய சிறு தொகையை அவருடைய பெருந்தன்மை என்று வாங்கிக்கொண்டோம். கேட்டுப் பெற வேண்டியது ஒன்று இருக்கிறது என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. அப்பா நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டதும் விபத்துக்குப் பிறகுதான். நம்மில் பலருடைய பெற்றோர் இப்படி உயரத்தில் நின்று உழைப்பவர்களே. படித்த பிள்ளைகள் நாம் இதையாவது வீட்டில் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

கணக்குப் போட்ட வாரத்தின் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். இரவு சாப்பிட்டபின் நோட்டை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். எண்களைச் சொல்லி விளக்கினேன். பிறகு, இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாததையும் சொன்னேன். "அப்பா, அன்னிக்கு நான் ஏணியைப் புடிக்கலை. வாசல்ல நின்னுக்கிட்டு பொய் சொன்னேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. காலை நீவிக்கொண்டே, "தெரியும் தம்பி. ஒன் கொரலு வாசப்பக்கம் இருந்துதான் வந்துச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சும் ஏன்ப்பா மேல ஏறினீங்க?"

"பாதி ஏறியாச்சு. இன்னும் நாலு படிதானேன்னு நெனைச்சேன். எறங்க மனசு வரலை. தப்பு ஒன்னோடது மட்டும் இல்ல."

அதன்பிறகுதான் எனக்கு முழுதும் விளங்கியது. மூட்டையை நகர்த்த ஒருவர் சோம்பினார். அடியை விட்டு ஒருவன் நகர்ந்தான். பாதியிலிருந்து இறங்க ஒருவருக்கு மனம் வரவில்லை. மூன்றும் சின்னத் தவறுகள். மூன்றில் ஏதாவது ஒன்று நடக்காமல் இருந்திருந்தால் அப்பா இன்று நொண்டாமல் நடப்பார். சரியில்லை என்று தெரிந்தால் கடைசிப் படியிலிருந்தும் இறங்கிவிட வேண்டும். அதற்கும் துணிவு வேண்டும். ஏறுவதைவிட இதற்குத் துணிவு கூடுதலாகவே வேண்டும்.

அப்பா இப்போது ஏணி ஏறுவதில்லை. வேறு ஆட்கள் ஏற, அவர் சுண்ணாம்பு கலந்து கொடுத்து அடியைப் பிடித்துக்கொள்கிறார். சென்ற பொங்கலுக்கு எங்கள் வீட்டு முன்சுவருக்கு நான் வெள்ளையடித்தேன். ஏணியை ஊன்றிக் கை நீட்டிச் சாய்வு பார்த்தேன். தலையைச் சன்னல் கம்பியில் கட்டினேன். கட்டியிருந்தும் அப்பா வந்து தம் நல்ல காலை அடிப்படியில் ஊன்றி நின்றார். பத்தாம் படியில் நின்று, கீழே பாராமலே கேட்டேன்: "அப்பா, புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன் தம்பி" என்ற பதில், ஏணியின் அடியிலிருந்தே வந்தது.